ரெண்டரை மணி நேரத்துல அமெரிக்கா

ஏல பேராண்டி, அந்த செல்போனைக் கீழ வச்சுட்டு இப்படித் திண்ணையில வந்து உக்காரு. ஆச்சி முறுக்கு சுட்டு இறக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள உன் அமெரிக்காக் கணக்கை ஒரு கை பாத்துருவோம்.

நேத்து ராத்திரி உங்க அப்பன்கிட்ட நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு. "பெங்களூர்ல இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு 13,993 கிலோமீட்டர், 16 மணி நேரம், அவ்வளவுதான்." கடைசி மூணு கிலோமீட்டரைக்கூட விடாமச் சொன்ன பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. நம்ம வீட்டுல இருந்து பஸ் ஸ்டாண்டு எவ்வளவு தூரம்னு கேட்டா, "பக்கந்தான் தாத்தா"ன்னு சொல்லுத ஆளு நீ.

நான் 30 வருஷம் லாரி ஓட்டினவன். பாவூர்சத்திரம் சந்தையில காய்கறி ஏத்துவேன். செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை தாண்டிக் கேரளாவுல இறக்குவேன். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவுல ஒரு 50 கிலோமீட்டர்தான். ஒரு நாள் ஒண்ணரை மணி நேரத்துல போயிருக்கேன். ஒரு நாள் மலையில மரம் சாஞ்சு, ராத்திரி முழுக்க வண்டியிலேயே உக்காந்து, என் கத்திரிக்காய்க்கு நானே காவல் இருந்திருக்கேன். ரெண்டு நாளும் அதே 50 கிலோமீட்டர். தூரம் ரோட்டுல கிடக்கும். நேரம் அங்க கிடக்காது, கேட்டியா. "எப்ப வருவீய?"ன்னு உங்க ஆச்சி கேட்டா, "வண்டி வரும்போது நானும் வருவேன்"னு மட்டும் சொல்லிட்டுப் போவேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் எங்களுக்குள்ள பெரிய சண்டை வராததுக்கு அந்த ஒரு பதில்தான் காரணம்.

நம்ம மேலத்தெரு மாப்பிள்ளை கதை உனக்குத் தெரியுமா? 2021 ஜனவரியில பெங்களூர்ல இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நேரா விமானம் விட ஆரம்பிச்சாங்கல்லா, கொஞ்ச நாள் கழிச்சு ஒரு தை மாசம் அவன் அதுல போனான். போய் இறங்கின கையோட மாமனாருக்குப் போனைப் போட்டு, "மாமா, பகல் ரெண்டரைக்கு ஏறினேன், சாயங்காலம் அஞ்சு மணிக்கு இறங்கிட்டேன்"னு சொல்லியிருக்கான். மாமனார் அதை அப்படியே டீக்கடையில இறக்கி வச்சுட்டாரு. ரெண்டரைக்கு ஏறி அஞ்சு மணிக்கு இறங்கினா எவ்வளவு? ரெண்டரை மணி நேரம். தென்காசியில இருந்து மதுரைக்கு 160 கிலோமீட்டர், அதுக்கே பஸ்காரன் நாலு மணி நேரம் ஆக்குதான். அப்ப மதுரையை விட அமெரிக்கா கிட்டன்னு அங்கயே தீர்ப்பு எழுதியாச்சு. "விடியக்காலம் போனா சாயங்காலம் பால் கறக்க வந்துரலாமா?"ன்னு ஒருத்தன் கேட்டான். மாமனாரும், "மாப்பிள்ளைகிட்ட கேட்டுச் சொல்லுதேன்"னு தலையாட்டிட்டாரு.

மாப்பிள்ளை சொன்னது பொய்னு நான் சொல்லமாட்டேன். பனிக்காலத்துல அவங்க கடிகாரம் நம்ம கடிகாரத்துக்கு 13½ மணி நேரம் பின்னால நிக்கும். நமக்குப் பகல் ரெண்டரைன்னா அவங்களுக்கு அன்னைக்கு ராத்திரி ஒரு மணி. அதுல இருந்து 16 மணி நேரம் எண்ணிக்கோ, சாயங்காலம் அஞ்சு. அவன் ஏறினது நம்ம கடிகாரத்துல, இறங்கினது அவங்க கடிகாரத்துல. ரெண்டையும் ஒரே மஞ்சப்பையில போட்டுக் கட்டிட்டான். படிச்ச பிள்ளைக பொய் சொல்லாது, கணக்குதான் சொல்லும்.

அங்க இருந்து திரும்பி வரும்போதுதான் அந்தக் கணக்கு பழி வாங்கும். அந்த நேர் வழியில முதல் விமானம் எந்த ஊர்ல இருந்து கிளம்புச்சுன்னு நினைக்கே? சான் பிரான்சிஸ்கோவுல இருந்துதான். 2021 ஜனவரி 9, சனிக்கிழமை ராத்திரி எட்டரை. ஓட்டினது பூராவும் பொம்பளைப் பிள்ளைக. தலைமை விமானி சோயா அகர்வால். வட துருவத்து மேல ஏறி இறங்கி வந்தாங்க. கிட்டத்தட்ட 17 மணி நேரம். பெங்களூர்ல சக்கரம் தரையைத் தொட்டது திங்கக்கிழமை விடியக்காலம் மூணு மணிக்கு மேல. சனிக்கிழமை ராத்திரி ஏறி, திங்கக்கிழமை விடியல்ல இறங்கினா, நடுவுல இருந்த ஞாயித்துக்கிழமை எங்கல போச்சு? ஆச்சிகிட்ட இதைச் சொன்னப்ப அவ கேட்டது ஒண்ணுதான்: "அப்ப அந்தப் பிள்ளைகளுக்கு அந்த வாரம் கறிக்கொழம்பு இல்லையா?"

இதைக் கேட்டுட்டு டீக்கடையில இன்னொரு ஞானி எந்திரிச்சான். "பூமிதான் தானா சுத்துதே, விமானத்தை மேல ஏத்திச் சும்மா நிறுத்தி வச்சா, அமெரிக்கா தானா காலுக்குக் கீழ வந்துராதா? எதுக்கு எண்ணெயைக் கொட்டணும்?" நல்ல கேள்விதான். நான் கேட்டேன், "ஓடுத பஸ்சுக்குள்ள நின்ன இடத்துல துள்ளிக் குதிச்சா நீ பின் சீட்டுலயா போயி விழுதே?" பஸ்சோட நீயும் ஓடுத மாதிரி, பூமியோட காத்தும் சேர்ந்து சுத்துது. அவன் டீயைக் குடிச்சுட்டுக் காசு குடுக்காமப் போயிட்டான். அந்தக் கணக்கு மட்டும் அவனுக்குச் சரியா வரும்.

சரி, உன் 13,993க்கு வருவோம். அது எப்படி வந்த எண்ணு தெரியுமா? அந்தா விட்டத்துல தொங்குதுல்லா திருஷ்டிப் பூசணிக்கா, அதை இறக்கு. பயப்படாத, நம்ம வீட்டைப் பாத்துக் கண்ணு வைக்க எவனும் இல்ல. வெத்தலைப் பெட்டியில இருந்து சுண்ணாம்பை எடு. காம்பு இருக்குத இடம் வட துருவம். இந்தப் பக்கம், வயித்துக்குக் கொஞ்சம் மேல, பெங்களூருக்கு ஒரு பொட்டு வை. அப்படியே காயைத் திருப்பி, கிட்டத்தட்ட முதுகுப் பக்கம், இன்னும் கொஞ்சம் மேல சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு பொட்டு வை. இப்ப ஆச்சியோட பூக்கட்டுத நாரை எடுத்து, ரெண்டு பொட்டையும் இழுத்துப் பிடிச்சுச் சேரு. நாரு வயித்தைச் சுத்தியா போகுது? இல்லல்லா. வழுக்கிக்கிட்டு மேல காம்புப் பக்கமா ஏறுது பாரு. இழுத்துப் பிடிச்ச நாரு எப்பவும் குறுக்கு வழியைத்தான் பிடிக்கும். அந்த நாரை அளந்தா 13,993. சீனா, சைபீரியா, அலாஸ்கான்னு பனிக்காட்டு மேல போகுத வழி அது.

பூசணிக்கா நல்ல உருண்டை இல்லையேன்னு வாயைத் திறக்காத. பூமியும் அப்படித்தான். நடு இடுப்புல வீங்கி, மேலயும் கீழயும் அமுங்கி இருக்கு. இடுப்பைக் குறுக்க அளந்தா, துருவத்துக்குத் துருவம் அளக்குறதை விட 43 கிலோமீட்டர் கூடுதல்னு பூகோள வாத்தியார் சொன்னாரு. பூமிக்கும் வயசாகுதுல்லா.

உன்னைக் கெடுத்தது பள்ளிக்கூடத்துச் சுவத்துல மாட்டின படம். 1569ல மெர்கேட்டர்னு ஒருத்தர் கப்பக்காரங்களுக்காகப் போட்டுக் குடுத்தாரு. கப்பல் ஒரே திசையைப் பிடிச்சுப் போனா அந்தப் படத்துல அது நேர் கோடா விழும். கடல்ல போறவனுக்கு அது பெரிய உபகாரம். ஆனா உருண்டையைத் தட்டையாக்கணும்னா ஒரு பக்கம் இழுத்துத்தானே ஆகணும்? அவரு வடக்கையும் தெற்கையும் இழுத்துட்டாரு. கிரீன்லாந்தைப் பாத்தா ஆப்பிரிக்கா அளவு தெரியும். நிஜத்துல அது மாதிரி 14 கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குள்ள அடங்கும். அந்தப் படத்துல ஸ்கேலை வச்சுக் கோடு போட்டுட்டு, "விமானம் எதுக்கு இப்படி வளைஞ்சு போகுது?"ன்னு நீங்க கேக்குதீய. வளைஞ்சது படம்ல, விமானம் இல்ல.

நானே ஏமாந்தவன்தான், மறைக்க மாட்டேன். 2017 ஜூன்ல உங்க அத்தை பிரசவத்துக்கு நாங்க ரெண்டு பேரும் போனோம்லா. திருவனந்தபுரத்துல ஏறி, துபாய்ல மாறினோம். துபாய்க்கு நேர் முதுகுல இருக்கு சான் பிரான்சிஸ்கோ. அதனால அந்த நாரு கிட்டத்தட்ட காம்பு மேலேயே ஏறி இறங்கும். 13,000 கிலோமீட்டர், 16 மணி நேரம். முன்னால சீட்டு முதுகுல விமானம் போகுத வழிப் படம் ஓடுது. அமெரிக்கா மேற்க இருக்குன்னு எட்டாங்கிளாஸ் படிச்ச எனக்கே தெரியும், இவன் வடக்க வடக்கன்னு ஏறுதான். சரி, டிரைவர் புதுசு போல, வழி மாறிட்டான்னு முடிவு பண்ணிட்டேன். பக்கத்துல யாருகிட்டயும் சொல்லல. ஒரு டிரைவர் இன்னொரு டிரைவரைக் காட்டிக் குடுக்கக் கூடாது.

ஆச்சிக்கு வேற கவலை. பொழுது சாஞ்சதும் விளக்கேத்துத நேரத்துல கண்ணை மூடி ஒரு நிமிஷம் கும்பிடணும், அவ்வளவுதான் அவ கேட்டது. காலையில துபாய்ல ஏறினோம். பொழுது சாயும் சாயும்னு திரையைத் தூக்கித் தூக்கிப் பாக்குதா. வெயில் பளீர்னு அடிக்கு. ஜூன் மாசத்துல துருவத்துப் பக்கம் சூரியன் அடையவே அடையாதுல்லா. 16 மணி நேரம் பறந்து இறங்கினா, அங்க அதே நாள் மத்தியானம். "ஒரே பகலை எத்தனை மணி நேரம்தான் இழுப்பானுவ, களை எடுக்க விட்டா நல்லா இருக்கும்"னு சொன்னா பாரு, அதை விடப் பெரிய பூகோளப் பாடம் நான் கேட்டதில்ல.

எங்க அப்பா 1950கள்ல பினாங்குக்குக் கப்பல்ல போனவரு. ரஜுலான்னு பேரு அதுக்கு. 1926ல இருந்து 1973 வரைக்கும் சென்னை, நாகப்பட்டினத்துல இருந்து பினாங்கு, சிங்கப்பூர்னு நம்ம சனத்தைச் சுமந்த கப்பல். ஒரு வாரம் மேல்தட்டுல பாயை விரிச்சுக் கிடக்கணும். ஆனா ஒரு வசதி: கப்பல்ல கடிகாரத்தை நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்புவாங்களாம். வயிறும் கூடவே திரும்பிக்கிடும். உனக்குப் பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரே நாள்ல திருப்பி வச்சா, வயிறு என்ன செய்யும்? ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுச் சோறு கேக்கும். மத்தியானம் ஆபீஸ்ல சொக்கி விழும். ஒரு மணி நேரத்தைச் சரிக்கட்ட உடம்புக்கு ஒரு நாள்னு தோராயக் கணக்கு. போன மறுநாளே வேலையில சேருதேன்னு எழுதிக் குடுத்திருக்கியாமே. நல்ல துணிச்சல்.

இப்ப காத்து. இதைத்தான் நான் உனக்கு முக்கியமாச் சொல்லணும்னு நினைச்சேன்.

ஆனி ஆடியில நம்ம ஊர்ல சாரக்காத்து அடிக்கும்லா? செங்கோட்டைக் கணவாய்க்குள்ள புகுந்து, மேற்க இருந்து ஒரே தள்ளா தள்ளும். அந்த மாசத்துல பாவூர்சத்திரத்துல இருந்து தென்காசிக்கு சைக்கிள் மிதிச்சிருக்கியா நீ? எங்க மிதிச்ச, உனக்கு ஸ்கூட்டி. எதிர்க்காத்துல மிதிச்சா தொடை ரெண்டும் கழண்டுரும், ஒரு மணி நேரம் ஆகும். திரும்பி வரும்போது சீட்டுல உக்காந்து சட்டையை விரிச்சுப் பிடிச்சா போதும், காத்தே கொண்டுவந்து சந்தையில இறக்கிரும். போக ஒரு நேரம், வர ஒரு நேரம். ரோடு ஒண்ணுதான்.

மேலயும் அதே கதைதான். முப்பதாயிரம் நாப்பதாயிரம் அடி உயரத்துல மேற்க இருந்து கிழக்க ஒரு காத்தாறு ஓடுது. ஜெட் ஸ்ட்ரீம்னு சொல்லுவாங்க. பனிக்காலத்துல அதுக்கு வேகம் கூடும். 2020 பிப்ரவரியில நியூயார்க்ல இருந்து லண்டனுக்கு ஒரு விமானம் 4 மணி 56 நிமிஷத்துல போயிட்டு. வழக்கமா அதுக்கு ஏழு மணி நேரத்துக்குக் கிட்ட ஆகும். அன்னைக்கு அட்லாண்டிக்ல புயல். காத்து பின்னால இருந்து தள்ளின தள்ளுல, தரைக் கணக்குல மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டிட்டான். அன்னைக்கே எதிர்த் திசையில லண்டன்ல இருந்து நியூயார்க்குக்குப் போனவன் எப்படி நொந்துருப்பான்னு யோசி. அவனும் அதே டிக்கெட்டுக் காசுதான் குடுத்திருப்பான்.

இதை விட ஒரு வேடிக்கை டெல்லிக்காரங்க பண்ணாங்க. டெல்லியில இருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா முதல்ல அட்லாண்டிக் வழியாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. 13,900 கிலோமீட்டர், எதிர்க்காத்து. 2016 அக்டோபர்ல எவனோ ஒரு புத்திசாலி, "கிழக்க பாத்துத் திருப்பு"ன்னுட்டான். ஜப்பான் பக்கமாப் போயி பசிபிக்கைத் தாண்டினாங்க. 15,300 கிலோமீட்டர். 1,400 கிலோமீட்டர் கூடுதல்; இங்க இருந்து சென்னைக்குப் போயிட்டு வந்தாக்கூட அவ்வளவு வராது. ஆனா போய்ச் சேர்ந்தது 14½ மணி நேரத்துல, முன்னால ஆனதை விட ரெண்டு மணி நேரம் கிட்டக் குறைச்சு. காத்து முதுகுல இருந்துச்சுல்லா. இப்பச் சொல்லு, எது பக்கம்? உன் போன்ல இருக்குத எண்ணு சொல்லுமா இதை?

அந்த வழியிலேயே அவங்க திரும்பி வந்தா எதிர்க்காத்துல மாட்டுவாங்கல்லா? மாட்டல. திரும்பும்போதும் கிழக்க பாத்தே, அட்லாண்டிக் மேல வந்துட்டாங்க. போகும்போதும் காத்தோட, வரும்போதும் காத்தோட, பூமியை ஒரு பிரதட்சணம்! நம்ம ஊர்க் கோயிலை ஒரு சுத்து சுத்தச் சொன்னா உனக்கு கால் வலிக்கும்.

காத்தைக்கூடச் சமாளிச்சுரலாம். வரப்புத் தகராறு இருக்கே, அதுதான் பெரும்பாடு. வானத்துல வரப்பு கிடையாதுன்னு கவிஞர்கள் சொல்லுவாங்க. பைலட்டுகிட்ட கேளு. 2022ல உக்ரைன் சண்டை வந்ததும், ரஷ்யா வானத்துல அமெரிக்க விமானங்கள் போகக் கூடாதுன்னு ஆச்சு. 2025 ஏப்ரல்ல பாகிஸ்தான் தன் வானத்தை நம்ம நாட்டு விமானங்களுக்கு அடைச்சுட்டு. பதிலுக்கு நாமளும் அடைச்சோம். டெல்லியில இருந்து மேற்க போறவன் பூராவும் அரபிக்கடலைச் சுத்திக்கிட்டுப் போனான். நடுவுல ஒரு ஊர்ல இறங்கி எண்ணெய் போட வேண்டிய நிலைமைகூட வந்துச்சு. கீழக்காட்டுக்காரன் வரப்பை மறிச்சான்னு நாம ஊரைச் சுத்தி வண்டி ஓட்டலையா, அதே வழக்குத்தான். அங்க தாசில்தார் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

எண்ணெய்னதும் ஞாபகம் வருது. அந்த நேர் வழிக்குப் போன போயிங் 777-200 எல்ஆர் வண்டியில எவ்வளவு பிடிக்கும்னு கேட்டேன். முழுசா ரொப்பினா 1,81,000 லிட்டராம்ல! 20,000 லிட்டர் டேங்கர் லாரி ஒம்பது வரிசையா வந்து நிக்கணும். அதுல ஒரு பங்கு எண்ணெய் எதுக்குன்னா, மிச்ச எண்ணெயைச் சுமக்குறதுக்கு. இதைக் கேட்டதும் எனக்கு மூத்த பேரன் ஞாபகந்தான் வந்துச்சு. சம்பளம் பூராவும் கார் கடனுக்கு, கார் எதுக்குன்னா வேலைக்குப் போக. நீ சிரிக்காத, அடுத்தது நீதான். சிங்கப்பூர்ல இருந்து நியூயார்க்குக்கு ஒரே தாவலாப் போறாங்கல்லா, 15,300 கிலோமீட்டர், 18 மணி நேரத்துக்கு மேல, அந்த ஏர்பஸ்ல சாதா வகுப்பே கிடையாது. ஆளைக் கூட்டினா எடை கூடும், எடை கூடினா எண்ணெய் பத்தாது. அதனால மொத்தமே 161 சீட்டு, எல்லாம் பெரிய மனுஷ சீட்டு. ஏழை ஏறினா வண்டி தூரம் போகாதுங்கிறதை இவ்வளவு மரியாதையா எவனும் சொன்னதில்ல.

நடுவழியில வண்டி படுத்தா என்ன செய்யன்னு கேக்க உனக்குத் தோணல பாத்தியா. டிரைவருக்குத்தான் தோணும். ரெண்டு எஞ்சின் வண்டி, ஒண்ணு நின்னுட்டா இத்தனை நிமிஷத்துக்குள்ள இறங்க ஒரு ஊர் வேணும்னு கணக்கு வச்சுத்தான் வழி போடுவாங்க. அதுக்காகவும் நாரை விட்டு விலகிப் போகணும். 2023 ஜூன்ல டெல்லியில இருந்து சான் பிரான்சிஸ்கோ போன விமானத்துல எஞ்சின் கோளாறு. ரஷ்யாவோட கிழக்குக் கோடியில மகதான்னு ஒரு ஊர், அங்க இறக்கிட்டாங்க. 216 பயணிக. மாத்து விமானம் மும்பையில இருந்து போயி ஏத்திக்கிட்டுப் போச்சு. அதுவரைக்கும் அந்த ஊர்க்காரங்க குடுத்த இடத்துல படுத்துக் கிடந்தாங்க. ஆரியங்காவுல என் லாரி படுத்தப்ப எனக்குக் கட்டஞ்சாயா குடுத்த ஒரு புண்ணியவதி இருந்தா. மகதான்லயும் ஒருத்தி இருந்திருப்பா.

நேரம் எப்ப ஆரம்பிக்குன்னாவது பாத்தியா? டிக்கெட்டுல போட்ட மணி, வண்டி நின்ன இடத்தை விட்டு அசையுத நேரத்துல இருந்து, அங்க போய் நிக்குத நேரம் வரைக்கும். ஓடுபாதைக்குப் போக வரிசையில நிக்குறதும் அதுலதான் சேரும். கொஞ்சம் கூட்டியே போட்டுருவானுவ. அப்பத்தான், "பத்து நிமிஷம் முன்னாலயே வந்துட்டோம்"னு மைக்குல பெருமை பேசலாம். ஆனா நம்ம வாசல்படியில இருந்து எண்ணு: தென்காசியில இருந்து பெங்களூருக்கு ஆம்னி பஸ்சு ஒரு ராத்திரி. ஊருக்குள்ள இருந்து தேவனஹள்ளி விமான நிலையம் வரைக்கும் போக்குவரத்துல ஊர்ந்து ரெண்டு மணி நேரம். மூணு மணி நேரத்துக்கு முன்னால வான்னு சொல்லுவான். நீ எடுத்திருக்குறதும் துபாய்ல மாறுத டிக்கெட்டு. நாலு மணி நேரம் பறந்து, நாலு மணி நேரம் காத்துக் கிடந்து, அப்புறம் ஒரு 16. அங்க இறங்கினதும் கைரேகை, கேள்வி, பெட்டிக்கு ஒரு காத்திருப்பு. கூட்டிப் பாரு, ரெண்டு நாளுக்குப் பக்கத்துல வந்துரும். இதைத்தான் உங்க அப்பன்கிட்ட '16 மணி நேரம், அவ்வளவுதான்'னு சொன்ன.

சரி, முறுக்கு வாசனை வந்துட்டு. சீக்கிரம் சொல்லி முடிச்சுருதேன். ஜன்னல் சீட்டுக் கேக்காத. கீழ பாக்க மேகமும் பனியும்தான், அதை ஒரு தடவை பாத்தாப் போதும். நடக்குத பக்கத்துச் சீட்டா வாங்கு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு நட. காலைத் தொங்கப் போட்டு உக்காந்தே கிடந்தா ரத்தம் கட்டிக்கிடும். உள்ள காத்தழுத்தம் ஏழெட்டாயிரம் அடி உயரத்துல இருக்குத மாதிரி வச்சிருப்பான்; கொடைக்கானல்ல 16 மணி நேரம் உக்காந்திருக்கன்னு வச்சுக்கோ, குளுமை மட்டும் இல்லாம. காத்து காஞ்சு கிடக்கும், தண்ணி குடி. நாக்கும் அங்க மரத்துப் போகும், சாம்பாரைக் குறை சொல்லிப் பரிமாறுத பிள்ளைககிட்ட சண்டைக்கு நிக்காத. ஆச்சி குடுக்குத ஊறுகாயைப் பெரிய பெட்டியில வை. கைப்பையில வச்சா 100 மில்லிக்கு மேலன்னு பிடுங்கிருவான். எங்க மாங்காய் ஊறுகாயை அப்படித்தான் ஒரு விமான நிலையத்துல குப்பையில போட்டாங்க. ஆச்சி இன்னைக்கு வரைக்கும் அந்த ஆளுக்குச் சாபம் குடுத்துக்கிட்டு இருக்கா.

இன்னொண்ணு. இப்ப அங்க கோடை நேரம். 12½ மணி நேரந்தான் வித்தியாசம். நவம்பர் மாசம் முதல் ஞாயித்துக்கிழமை அவங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளுவாங்க. அதுக்கப்புறம் நமக்குக் காலையில ஏழரைன்னா உனக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறு. ஆச்சி பால் வாங்கி வச்சுட்டு, அந்த நேரத்துக்குத்தான் போனைக் கையில எடுப்பா. எட்டு மணிக்கு மேலன்னா சார்ஜ்ல போட்டுருவா.